பனித்தாங்கி

அந்த வருஷத்து உறைபனி சீகைமட்டத்தில் எங்கள் வீட்டின்மேல் மட்டும்தான் விழுந்தது. பக்கத்தில் மாரிக்கண்ணு சித்தி வீட்டுத் தகரத்தில் ஈரம்கூட இல்லை, கீழே தலைவர் சன்னாசி மாமாவின் கேரட் தோட்டத்தில் ஒரு இலை கருகவில்லை, ஆனால் எங்கள் கூரையும் வாசலும் கோழிக்கூடையும் கொடியில் எடுக்க மறந்த அம்மாவின் பாவாடையும், வேலி எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும், அதற்கு ஒரு விரல் அந்தப் பக்கம் போகாமல், உப்பைக் கொட்டிப் பரப்பிவிட்டதுபோல வெளுத்துக் கிடந்தன. முதல் நாள் காலையில் ஊரே வந்து வேலியோரம் நின்று பார்த்தது. மாரிக்கண்ணு சித்தி ஒரு காலை வேலிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, "இந்தக் காலுக்கு மார்கழி, அந்தக் காலுக்குச் சித்திரை" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாளாம். சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஏன் இப்படி என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. இதனால் நமக்கு என்ன ஆகும் என்பதைத்தான் கேட்டார்கள், அதற்கு விடை சீக்கிரமே கிடைத்தும்விட்டது.

சீகைமட்டம் தேயிலைக்கெல்லாம் மேலே, சோலைக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே, கைவிட்டுப்போன ஒரு எஸ்டேட்டின் உச்சியில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அங்கே குடியிருக்கிறோம். இந்த நிலம் உங்களுடையது, இல்லை உங்களுடையது என்று இரண்டு அலுவலகங்கள் எங்களை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பதால் கரண்டுக் கம்பம் மலைப்பாதையின் கீழ்வளைவோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே மண்ணெண்ணெய் விளக்கு, சீகை மரத்து விறகு, ஊற்றிலிருந்து இழுத்த கறுப்பு ஓஸ் குழாய், மழை பெய்யாத நாளில் மட்டும் வரும் அந்தோணிமுத்து அண்ணனின் ஜீப். மார்கழி பிறந்தால் ஓஸுக்குள் தண்ணீர் கட்டையாகிவிடும், அதைக் கல்லில் வைத்து அடித்து உதிர்க்க வேண்டும், தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு படுக்க வேண்டும், பசுவுக்குச் சாக்குப் போர்த்தி, கோழிகளைக் கட்டிலுக்கடியில் கூடைபோட்டுக் கவிழ்த்து, நாற்றுக்குப் பெரணிச் செடி வெட்டி மூடி, வெயில் படுவதற்குள் எழுந்து பயிர்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும், கரைக்காவிட்டால் வெயில் பட்டதும் இலை தீயில் காட்டியதுபோலக் கருகிப்போகும். எல்லா வீட்டுக்கும் இதே பாடுதான். எல்லோரும் திட்டிக்கொண்டேதான் செய்வோம், ஆனால் எல்லோரும் சேர்ந்து திட்டுவோம்.

அந்த வருஷம் திட்டுவதற்கு ஆள் இல்லை, அம்மாவைத் தவிர.

அம்மா பெயர் சிலம்பாயி. அப்பா இன்னொருத்தியோடு திருப்பூர்ப் பக்கம் போய்ப் பல வருஷமாகிறது. அதிலிருந்து மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் அம்மாவைக் கூப்பிடுவார்கள், ஆனால் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள், நலங்கு வைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். நான் மட்டும்தான் பிள்ளை. நான் கீழே பல்கலைக்கழக விடுதியில் இருந்ததால் அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

முதலில் ஊர் நன்றாகத்தான் நடந்துகொண்டது, இல்லை என்று நான் சொல்லவில்லை. சன்னாசி மாமாவின் மனைவி பொன்னுருவி அத்தை, "இந்தக் குளிர்ல எதுக்கு மதினி தனியாக் கெடக்குறீங்க" என்று அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அடுப்பங்கரையில் படுக்கவைத்தாள். விடிந்து பார்த்தால் எங்கள் வீடு காய்ந்து கிடக்கிறது, தலைவர் வீடு வெளுத்து நிற்கிறது, கூடைக்குள் இருந்த கோழிகளெல்லாம் விறைத்துப்போய்விட்டன. அப்போதுதான் பனி வீட்டின்மேல் விழவில்லை, அம்மா எங்கே படுக்கிறாளோ அங்கே விழுகிறது என்று ஊருக்குத் தெரிந்தது. யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சன்னாசி மாமாவே அவளுடைய கம்பளியை எடுத்துக்கொண்டு, செத்த கோழிகளில் ஒன்றையும் குழம்புக்குக் கொடுத்து, எங்கள் வீடுவரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அம்மா எனக்குப் பெருமையாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரில் விறகு வெட்டப் போவதை நிறுத்தினார்கள், வெட்டியிருந்ததில் வீட்டுக்கு ஒரு கட்டு என்று முறைவைத்து அம்மாவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள், பெரணி வெட்டுவதை நிறுத்தினார்கள், விடியுமுன் எழுந்திருப்பதை நிறுத்தினார்கள், மலையில் வேறு எவனும் கேரட் போடத் துணியாத பருவத்தில் கேரட் போட்டார்கள், மேல்பாத்திகளிலும் போட்டார்கள், வாசலிலும் போட்டார்கள். பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சட்டையில்லாமல் ஓடின. கீழூர் உறவுக்காரர்கள் குளிருக்குப் பயந்து எங்கள் மேட்டுக்கு வந்து தங்கிப் போனார்கள். எங்கள் வேலியில் யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள், யாரோ சூடம் கொளுத்தினார்கள், யார் முதலில் சொன்னதென்று தெரியாமல் அம்மாவுக்குப் பனித்தாங்கி என்று பெயரும் வந்தது. வளைகாப்பில் முதல் நலங்கு அவளை வைக்கச் சொன்னார்கள். வெற்றிலைத் தட்டு முதலில் அவளிடம் வந்தது.

செமஸ்டர் லீவுக்கு நான் ஏறிவந்த அன்று எங்கள் வாசலில் முதலில் பார்த்தது, கெடாமலிருக்க யாரோ பனியில் வைத்துவிட்டுப் போன ஒரு சட்டி மத்தி மீன். பக்கத்தில் மூடிபோட்ட பால் தூக்குகள் வரிசையாக, யார் வீட்டுத் தூக்கு என்று தெரிய ஒவ்வொன்றின் காதிலும் ஒவ்வொரு கலர் நூல். ஒரு பாதி ஆட்டுத்தொடை வேப்பிலை சொருகிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் கூரை விளிம்பில் கரண்டியால் பனியைச் சுரண்டி டம்ளரில் போட்டு நன்னாரி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு இங்க வச்சீங்க?" என்றேன்.

"சாமி வீடு அக்கா, யாரைக் கேக்கணும்?" என்றது ஒன்று, உதட்டை நக்கிக்கொண்டே.

உள்ளே அம்மா இருந்த கம்பளிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவள் கையைப் பிடித்தேன். விரல்நுனிகள் வெளுத்திருந்தன, மெழுகைப்போல, அழுத்தினால் ரத்தம் திரும்ப வரவில்லை.

"இது எத்தனை நாளா இப்படி?"

"மரத்துப்போகுது பாப்பா, அவ்வளவுதான். வலியெல்லாம் இல்ல. சட்டி சுட்டாக்கூடத் தெரிய மாட்டேங்குது, வசதியாத்தான் இருக்கு."

இதையும் ஒரு வசதி என்று சொல்ல அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? போட்டிருந்த விறகு மொத்தத்தையும் எடுத்து அடுப்பில் திணித்தேன், பின்வாசலில் இன்னொரு தீ மூட்டினேன், சாக்குகளால் கதவிடுக்கு அடைத்தேன், அன்றைக்கு அம்மா முதல்முறையாகக் கம்பளியை இடுப்புக்குத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். காலையில் எழுந்து பார்த்தால் பனி எங்கள் வேலியைத் தாண்டியிருந்தது. ரொம்பத் தூரம் இல்லை. உள்ளே அவளுக்குச் சூடு கூடியதால் நெருங்க முடியாமல் வெளியே நகர்ந்த மாதிரி, சன்னாசி மாமாவின் தோட்டத்து மேல்வரிசைக் கேரட்டுகளைத் தொட்டு நின்றிருந்தது. வெயில் ஏறியதும் அந்த ஒரு வரிசை மட்டும் கருகியது.

அன்று மத்தியானமே மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். எங்களையும் வரச்சொன்னார்கள். அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், மற்றவர்கள் தரையில். சன்னாசி மாமா கருகிய கேரட் இலை ஒரு கொத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார், ஏதோ பிணத்தைக் கொண்டுவந்து வைப்பதுபோல.

"தங்கச்சி, தப்பா நெனைக்கக் கூடாது," என்றார் அம்மாவிடம் கைகூப்பி. "அடுப்பைக் கொஞ்சம் கம்மியா எரிங்க. உள்ளாற சூடு கூடக்கூட அது வெளிய வருது. விறகு முறையையும் பாதியாக் கொறைச்சுக்குவோம். தை பொறந்து கேரட்டு எறங்கட்டும், அப்புறம் எவ்வளவு வேணுமோ எரிச்சுக்கலாம்."

நான் எழுந்து நின்றேன்.

"மாமா, நீங்க என்ன கேக்குறீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? ஒரு பொம்பளை இன்னும் கொஞ்சம் குளிர்ல கெடக்கணும்னு கேக்குறீங்க, அதுவும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறீங்க."

"வா காலேஜு," என்றார் மாமா. "உன்னையத்தான் எதிர்பார்த்தேன். நேத்து வந்த, இன்னைக்கு ஒரு வரிசை போச்சு."

"ஊத்துத் தண்ணிக்கு முறை வச்சிருக்கோம். ஆனைக் காவலுக்கு முறை வச்சிருக்கோம். கோயில் வெளக்கேத்த முறை வச்சிருக்கோம். பனிக்கு மட்டும் ஏன் முறை இல்ல? ஒரு வீட்டுல ஒரு நாளு அம்மா வந்து படுக்கட்டும். ஒருத்தர்மேல ஒரு நாள் விழுந்தா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பனிக்கு முறை வைக்கிறது எப்படின்னு அங்க பாடமா நடத்துறாங்க?" என்று அந்தோணிமுத்து அண்ணன் கேட்க இன்னும் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுல ஒரு நாளு படுத்தாங்களே, என்ன ஆச்சு?" என்றார் மாமா. "கோழி பூராம் போச்சு."

"ஒரு ராத்திரியில கோழி செத்துப்போச்சுன்னு தெரியுது இல்ல? அதே குளிர்லதானே அம்மா தெனமும் கெடக்கு?"

"அட, தங்கச்சியும் கோழியும் ஒண்ணாம்மா? அவங்க தாங்குவாங்க. அவங்களுக்கு அந்தச் சக்தி இருக்கு. இல்லைன்னா ஏன் அவங்க மேல எறங்குது?"

இந்த வார்த்தையோடுதான் நான் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். தாங்குவாங்க. யார்மேல் பாரத்தை ஏற்றியிருக்கிறோமோ அவர்களைப் பார்த்துத்தான் இது சொல்லப்படுகிறது, ஏற்றாத ஒருவரைப் பார்த்து யாரும் சொன்னதே இல்லை. அவள் தாங்குகிறாள் என்பதால் ஏற்றினார்களா, ஏற்றியதால் தாங்க வேண்டியதாயிற்றா என்று கேட்டால் சாமி குற்றம் என்பார்கள். நான் கேட்டேன். சாமி குற்றம் என்றார்கள்.

அதைவிட மோசம், அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா இரு பாப்பா. இவ்வளவு வருஷமா இந்த ஊருல எனக்கு யாரு நாற்காலி போட்டா?" பிறகு மாமாவைப் பார்த்து, "கொறைச்சுக்குறேன் அண்ணே" என்றாள்.

விறகு பாதியானது. பனி வேலிக்குள் திரும்பி வந்து, முன்னைவிடக் கெட்டியாக, கூரையிலிருந்து உள்சுவரில் இறங்கி, குடத்துத் தண்ணீரில் இறங்கி, அம்மாவின் கம்பளி ஓரத்தில் வெள்ளைக் கரை கட்டியது. நான் அவளைக் கட்டிக்கொண்டு படுத்தேன், என் பக்கம் சுட்டது, அவள் பக்கம் சுடவில்லை. ஊரில் கேரட் தொடைகனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் அம்மா சுடுதண்ணீரில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள், ஆவி பறந்தது, தோல் கன்றிச் சிவந்தது, அவளுக்குத் தெரியவில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் கறுக்க ஆரம்பித்திருந்தன.

நான் ஜீப்புக்கு ஓடினேன். அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து அந்தோணிமுத்து அண்ணன் வாசலில் நிறுத்தினேன். "ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணே, கையைப் பாருங்க."

அவர் கையைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், கண்கலங்கினார். பிறகு ஜீப் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அக்கா எல்லையைத் தாண்டுனா பனி எங்க போகும்னு யாருக்கும் தெரியாதும்மா. அவங்களோட போகுமா, இங்கயே எல்லார் மேலயும் விழுமா? தலைவர் சொல்லியிருக்காரு, பொங்கல் முடியுற வரைக்கும்…" சொல்லிவிட்டுக் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மன்னிச்சிருங்க தாயி."

நடந்து போகலாம் என்றால் கீழ்வளைவுவரைக்கும் காடு, ஆனைகள் இறங்கும் தடம், ஒரு மூச்சுக்குப் பத்து இருமல் இருமுகிற பொம்பளையை வைத்துக்கொண்டு அது ஆகாது. நான் கத்தினேன். அவரைப் பார்த்துக் கத்தினேன், ஊரைப் பார்த்துக் கத்தினேன். அம்மா மட்டும் கத்தவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் தொட்ட இடத்தை.

"தாயின்னு சொல்றான் பாப்பா," என்றாள் திரும்பி நடக்கும்போது. "ஜீப்பு கதவைத் தொறக்க மாட்டேங்குறான்."

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து, பொழுது இறங்கும் நேரத்தில், சுவரில் சாத்திவைத்திருந்த கோரைப் பாயை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வா" என்று வெளியே இறங்கினாள்.

சீகைமட்டத்துக்காரர்களுக்கு இது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் ஒரு தகரப்பெட்டியும் ஒரு பாயுமாகத்தான் இந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள், கொட்டும் மழையில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் முதலில் வந்தவர்கள் பிந்தி வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் பாயோடு வாசலுக்கு வருகிறவரை என்ன, ஏது என்று கேட்கக் கூடாது, கதவைத் திறந்து இடம் காட்ட வேண்டும். புருஷனிடம் அடிவாங்கியவள் பாயோடு போவாள், மாமியாரோடு சண்டை போட்டவள் போவாள், ஜென்மப் பகையாளி வீட்டுக்குக்கூடப் போயிருக்கிறார்கள், அவன் காலையில் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டேதான் கஞ்சி ஊற்றியிருக்கிறான். பாயோடு வந்தவரை மறுத்தவன் என்று எங்கள் ஊரில் இதுவரை ஒருவனும் இல்லை.

அன்றும் யாரும் மறுக்கவில்லை. வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா பாயோடு முதல் வீட்டு வாசலுக்குப் போவதை யாரோ பார்த்திருக்க வேண்டும், நாங்கள் மேட்டிலிருந்து இறங்க இறங்க எங்களுக்கு முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போயின, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயின, அழுத பிள்ளையின் வாயை யாரோ பொத்தினார்கள். மாரிக்கண்ணு சித்தி வீட்டில் அம்மா பாயோடு நின்றாள். உள்ளே தாளிக்கிற வாசம் வந்தது. நின்றாள், நகர்ந்தாள். அந்தோணிமுத்து அண்ணன் வீட்டில் நின்றாள், கூரையிலிருந்து புகை வந்தது, நகர்ந்தாள். இப்படி ஒவ்வொரு வாசலிலும், தட்டாமல், கூப்பிடாமல், நாலு மூச்சு நேரம் நின்று நின்று நகர்ந்து, கடைசியில் தலைவர் வீட்டு வாசலுக்கு வந்தோம். கதவுக்குப் பின்னால் யாரோ இருமலை விழுங்கினார்கள். நான் உதைக்கப் போனேன். அம்மா தடுத்தாள்.

"இல்லாதவங்க வீட்டை உதைக்கக் கூடாது பாப்பா."

சொல்லிவிட்டு அவள் திரும்பி, மாமாவின் வாசலிலிருந்து கீழே இறங்கி, கேரட் தோட்டத்துக்குள் நடந்தாள். மலையிலேயே அந்தப் பருவத்தில் வேறெங்கும் இல்லாத, முழங்கால் உயரம் இலை வளர்ந்த, பச்சைக் கடல்போலக் கிடந்த தோட்டம். அதன் நட்டநடுவில், இரண்டு பாத்திகளுக்கு இடையில், பாயை உதறி விரித்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்தாள்.

"அம்மா, செத்துப்போயிருவ!" என்று கத்தினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அப்படித் துடைத்துவிட்ட மாதிரி வானம் இருக்கும் நாளில்தான் கொல்லும் பனி விழும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். "எந்திரி! வீட்டுக்குப் போலாம், அடுப்பு எரிக்கிறேன், எவன் கேட்டாலும் நான் பாத்துக்குறேன்."

"தூங்கத்தான் போறேன். சும்மா கத்தாத, நீயும் படு."

மேலே ஜன்னல் பலகை படாரென்று திறந்தது. "தங்கச்சி!" என்று அலறினார் சன்னாசி மாமா. "தங்கச்சி, அது கேரட்டு!"

அம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அட, இருக்கீங்களா அண்ணே? வீட்டுல ஆள் இல்லைன்னுல நெனைச்சேன்."

"தை வரைக்கும்… ஒரு வாரம் தாயி… உங்க காலுல விழுறேன், எந்திரிங்க!"

"காலுல விழணும்னா இங்கதான் வரணும் அண்ணே. கால் இங்க இருக்கு."

அவர் வரவில்லை. விறகு அனுப்புகிறேன் என்றார், முழு முறையும் அனுப்புகிறேன் என்றார், கல்லிலேயே கோயில் கட்டுகிறேன் என்றார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், எந்தப் போனிலிருந்து கூப்பிடுவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளோடு ஒட்டிப் படுத்தேன். அவள் மூச்சுவிட்டாள், இருமினாள், மூச்சுவிட்டாள், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கூடிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு இடைவெளியிலும் நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். முதலில் என் புருவத்தில் பனி உட்கார்ந்தது. அவளுடைய கறுத்த விரல்களை என் வயிற்றில் வைத்துப் பொத்திக்கொண்டேன், யாரிடமும் எந்த வாதமும் என்னிடம் மிச்சமில்லை, இந்த விரல் சுட வேண்டும், இது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அப்போது கேரட் இலைகளை மிதித்துக்கொண்டு யாரோ வந்தார்கள். பொன்னுருவி அத்தை. பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள், அக்குளில் பாய், தலையில் தலையணை, கையில் தணல் சட்டி.

"நகருடி," என்றாள் என்னைப் பார்த்து. "பாய் விரிக்க இடம் விடு."

"அத்தை, மாமா…"

"அந்த ஆளு கோழிக்கு அழுதான், கேரட்டுக்கு அழுவுறான். நான் செத்தா எதுக்கு அழுவான்னு தெரியல, தள்ளிப்படு." பாயை விரித்து அம்மாவின் மறுபக்கத்தில் படுத்துத் தன் கம்பளியில் பாதியை இழுத்து அவள்மேல் போட்டாள். "என்ன மதினி, ஐஸ்கட்டி மாதிரி இருக்கீங்க. அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது அவருதான், கம்பளியை மடிச்சுக் குடுத்தது நான்தான். பேசுனா பேசுங்க, பேசாட்டிப் போங்க."

அம்மா அத்தை பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

பிறகு மாரிக்கண்ணு சித்தி வந்தாள், தாளித்த குழம்போடு வந்தாள். "கதவைச் சாத்திட்டுச் சாப்பிட உக்காந்தா எறங்கவே இல்லடி," என்றாள். பிறகு வளைகாப்பு நடந்த வீட்டுப் பெண்ணின் தாய் வந்தாள். பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள், அவர்களைத் திட்டிக்கொண்டே ஆண்கள், எல்லோர் அக்குளிலும் பாய். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, சீகைமட்டத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. தணல் சட்டிகளைச் சுற்றி வைத்தார்கள், கம்பளிகளை ஒன்றின்மேல் ஒன்று மாட்டினார்கள், யார் கால் யார்மேல் என்று சண்டை போட்டார்கள், அந்தோணிமுத்து அண்ணன் விசும்பிக்கொண்டே வந்து காலடியில் படுக்க, "ஓரமாப் படு, டிரைவருக்கு எப்பவும் ஓரம்தான்" என்று யாரோ சொன்னார்கள். கேரட் நசுங்கும் வாசம் எங்கும். மேலே ஜன்னலில் சன்னாசி மாமாவின் புலம்பல் வெகுநேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

விடியும்போது நான் கண்விழித்தேன். தோட்டம் முழுக்க வெள்ளை. ஆனால் எங்கள் வாசலில் கிடந்ததைப்போலக் கெட்டியாக இல்லை, மாவு சலித்ததுபோல மெல்லிசாக, மேட்டின் எல்லாக் கூரைகள்மேலும் எல்லா வாசல்கள்மேலும் எல்லாக் கம்பளிகள்மேலும் ஒரே அளவாக விழுந்திருந்தது. என் பக்கத்தில் அம்மா இல்லை. எழுந்து பார்த்தால் வரிசையாக வெள்ளை மேடுகள், எது யாரென்று தெரியவில்லை. ஒவ்வொரு கம்பளியாகத் தூக்கினேன். அந்தோணிமுத்து அண்ணன், மூக்கில் பனி. ஒரு குழந்தை. மாரிக்கண்ணு சித்தி, "ஏண்டி, குளுருது" என்று திரும்ப இழுத்துக்கொண்டாள். இன்னொன்று, இன்னொன்று.

"என்ன தேடுற?"

ஓஸுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள் அம்மா. கல்லில் ஓஸை அடித்துப் பனிக்கட்டியை உதிர்த்துக் குடத்தில் தண்ணீர் பிடித்து, அந்தத் தண்ணீரைக் கேரட் இலைகள்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள், வெயில் வருவதற்குள். பனியன்போல ஒட்டியிருந்த அந்த வெள்ளை ஒவ்வொரு இலையாகக் கரைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். கறுத்திருந்த இரண்டு விரல்கள் கறுத்தபடியேதான் இருந்தன, அவற்றை அப்புறம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்றவை சிவந்திருந்தன.

"வலிக்குதுடி," என்றாள், ஆச்சரியமாக. "உசுரு போற மாதிரி வலிக்குது."

ஒவ்வொருவராக எழுந்தார்கள், நடுங்கினார்கள், திட்டினார்கள், எழுந்தவர்கள் எல்லோரும் குடங்களை எடுத்தார்கள். பாதித் தோட்டம் நசுங்கிப்போய்விட்டது, கால்வாசி கருகிப்போகும், மிச்சம் பிழைக்கும் என்று பொன்னுருவி அத்தை நின்று பார்த்துச் சொன்னாள். வெயில் கீழ்மலையைத் தொட்டபோது எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தே கிடந்தன, ராத்திரி திறந்துபோட்டு வந்தபடி. சாத்தியிருந்தது தலைவர் வீட்டுக் கதவு ஒன்றுதான்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். ஜீப் சாவியோடு வந்து நின்ற அந்தோணிமுத்து அண்ணனிடம், "வெயில் ஏறட்டும், போவோம், ஒரு வேலை இருக்கு" என்றாள். பாயில் ஒட்டியிருந்த பனியை உதறினாள். சுருட்டினாள். அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இப்ப காலையில அக்கா," என்றாள் மாரிக்கண்ணு சித்தி. "பொழுது சாஞ்சுல்ல பாயோட போகணும்?"

"நேத்துப் பொழுது சாஞ்சு வந்தேன், ஆள் இல்ல," என்றாள் அம்மா, தலைவர் வீட்டை நோக்கி ஏற ஆரம்பித்தாள்.

பொன்னுருவி அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"தாழ்ப்பாள் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு மதினி. நாற்காலியைத்தான் முட்டுக்கொடுத்திருப்பாரு. நல்லாத் தள்ளுங்க."